எம்.சி.யில் பதினாலு நாள்

அத்தியாயம் 19

ஐந்து மாதமாகச் சோமசேகரம் தன் மகனின் பெயரை வாயால் சொல்லவில்லை.

பங்குனி மாதம் நடந்த அந்தச் சண்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்கும், இந்தக் கிழமைதான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோமசேகரம் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் முப்பத்துமூன்று வருடம் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். ஒரே மகன் சேந்தனை ஏதாவது ஒரு அரசாங்கக் கந்தோரில் கதிரை போட்டு இருத்திவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகனோ, "கொழும்பில பெரிய பெரிய கடைத்தொகுதியள் வந்திட்டுது அப்பா. நான் அங்க வேலைக்குப் போகப்போறன்" என்று சொன்னான்.

"சோமசேகரத்தின்ர மகன் கடையில நிக்கிறதோ? அப்பிடி நிக்கிறதெண்டால் என்ர வாசலை மிதிக்காதை!"

கோபத்தில் வந்த வார்த்தை. மகன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டான். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, நாட்டில் யுத்தம் உச்சத்தில் நிற்கும் காலம். கொழும்பில் ஒரு தமிழ்ப் பெடியன் பாண் வாங்கப் போனாலும் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊருக்குப் பிள்ளையை வாயால் விரட்டிவிட்டோமே என்று சோமசேகரம் ஒவ்வொரு நாளும் வெந்தார். ஆனால் வெளியே காட்டவில்லை. நீதிமன்றத்தில் இருந்தவருக்கு முகத்தை அசையாமல் வைத்திருக்கப் பழக்கம்.

மனைவி பூரணியும் மகனைப் பற்றி ஒன்றும் கதைப்பதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் பத்திரகாளி கோயிலுக்குப் போய்வந்தாள். முன்பெல்லாம் அரை மணித்தியாலத்தில் திரும்பி வருகிறவள், இப்போது ஒன்றரை மணித்தியாலம் எடுத்தாள். மகனுக்காக நீண்ட நேரம் கும்பிடுகிறாள் என்று சோமசேகரம் நினைத்தார். நல்ல மனிதர், நம்பினார்.

இந்தக் கதை நடந்தது ஒரு புதன்கிழமை.

காலை பத்து மணிபோல் பேப்பர் வாங்குவதற்காகச் சோமசேகரம் வித்தியாலயம் வீதி மூலைக்குப் போனார். அங்கே லாபிரின் கொமினிகேசன் இருக்கிறது. சுற்றிவரப் பதினைந்து வீட்டுக்கு அந்தக் கடையின் தொலைபேசிதான் தொலைபேசி. லாபிர் வான் ஓட்டப் போய்விட்டால் மனைவி ஸல்ஹா கடையில் இருப்பாள். வருகிற செய்திகளைத் துண்டில் எழுதிவைத்துக் கொடுப்பதும் அவள்தான்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க. மகன்ட கோல் வந்திச்சு."

சோமசேகரத்தின் கையிலிருந்த பேப்பர் மடிந்தது.

"லைன்ல ஒரே இரைச்சல் ஐயா. பாதியில கட்டாயிட்டு. கேட்டத எழுதி வெச்சிருக்கேன்."

அவள் நீட்டிய துண்டில் இப்படி இருந்தது:

'சேந்தன். 9.20. எம்.சி.யில எடுத்துட்டாங்க. 14 நாள். ஜி.எஸ். சேட்டிபிக்கட் வேணும். 2 பேர். அப்பாவப் பயப்பட வேணாமாம். திரும்ப எடுப்பாரு.'

சோமசேகரம் துண்டை வாசித்தார். பக்கத்தில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொந்த வீட்டிலேயே சுருக்கெழுத்தில் கதைக்கிறவர். டி.சி. என்றால் மாவட்ட நீதிமன்றம். எச்.சி. என்றால் மேல் நீதிமன்றம். எம்.சி. என்றால் நீதவான் நீதிமன்றம். முப்பத்துமூன்று வருடம் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் தன் கையால் எழுதிய இரண்டு எழுத்து அது. 'எம்.சி.யில எடுத்துட்டாங்க' என்றால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டுபோய் நீதவான் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். பதினாலு நாள் என்றால் விளக்கமறியல். எத்தனை பேருக்கு அந்தப் 'பதினாலு நாள்' என்ற சொல்லை அவரே எழுதியிருக்கிறார்! ஜி.எஸ். சேட்டிபிக்கட் என்றால், இன்ன ஊரில் இன்னாருக்குப் பிறந்த நல்ல பெடியன் என்று கிராம சேவையாளர் தரும் கடிதம். இரண்டு பேர் என்றால் பிணைக்காரர்.

துண்டில் அவருக்கு விளங்காத ஒரு சொல்கூட இல்லை. எல்லாம் விளங்கிவிட்டது என்பதுதான் அன்றைக்குப் பிடித்த சனியன்.

"எந்த எம்.சி. எண்டு சொல்லேல்லையோ பிள்ளை? கொழும்பில ஒண்டில்லையே."

"வெறும் எம்.சி. எண்டுதான் சொன்னாரு ஐயா. ஒங்களுக்கு வெளங்கும் எண்டு நெனச்சேன்."

சேந்தன் தங்கியிருந்த வெள்ளவத்தை வீட்டின் இலக்கம் ஸல்ஹாவிடம் இருந்தது. அது ஏன் அவளிடம் இருக்கிறது என்று சோமசேகரம் அந்த நேரம் யோசிக்கவில்லை. எடுத்துக் கதைத்தார். வீட்டுக்காரி வள்ளிநாயகி பதற்றமான மனுசி.

"ஐயோ, முந்தநாள் இந்த ஒழுங்கை முழுக்கச் செக்கிங். நாலைஞ்சு பெடியளைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். உங்கட சேந்தனோ? அவர் நேற்றுக் காலமை நான் கோயிலுக்குப் போன நேரம் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போயிட்டாராம். இன்னும் வரேல்லை."

பெட்டியை ஒழுங்காக அடுக்கிக்கொண்டு யாராவது கைதாகப் போவார்களா? அந்தக் கேள்வியைச் சோமசேகரம் கேட்டிருக்க வேண்டும். செக்கிங் என்ற சொல்லோடு அவருடைய காது அடைத்துவிட்டது.

"பூரணிக்குச் சொல்லிப்போடாதையும் பிள்ளை," என்றார் ஸல்ஹாவிடம். "அவவுக்குப் பிரஷர் இருக்கு. நான் பார்த்துக்கொள்ளுறன்."

ஸல்ஹா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

சோமசேகரம் இரண்டு விஷயத்துக்கு மட்டும் வாழ்க்கையில் ஒருவரிடமும் போய் நின்றதில்லை. ஒன்று உதவி, மற்றது கையெழுத்து. கையெழுத்துக்காக மற்றவர்கள்தான் அவரிடம் வருவார்கள். இன்றைக்கு அவர் பதினொரு மணி வெயிலில், குடையும் இல்லாமல், கிராம சேவையாளர் கனகரத்தினத்தின் கந்தோர் வாசலில் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற சனம் வழிவிட்டது. அவர் போகவில்லை. தன் முறை வரும்வரை நின்றார்.

"என்ன சோமண்ணை, நீங்கள் ஏன் வரிசையில?"

"மகனுக்கு ஒரு சேட்டிபிக்கட் வேணும், தம்பி. அவசரம்."

கனகரத்தினம் படிவத்தை எடுத்து எழுதினார். பெயர், பிறந்த திகதி, நிரந்தர முகவரி. நடத்தை என்ற இடத்தில் அவராகவே 'மிக நன்று' என்று போட்டார். பிறகு பேனையைத் தூக்கிப் பிடித்தார்.

"என்ன தேவைக்கு எண்டு போட?"

படிவத்தில் ஒரு நிரலை வெறுமையாக விட்டால் திருப்பி எறிகிற மனிதர் சோமசேகரம். அதனால் எத்தனை பேர் அவரைத் திட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு அவர் பேனையின் நுனியையே பார்த்தார். கண் கலங்கிப்போயிற்று.

"அதை... அதை வெறுமையா விடும், தம்பி."

கனகரத்தினத்துக்கு விளங்கிவிட்டது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். சோமசேகரம் துண்டைக் காட்டினார். சொன்னார். மகனுக்குத் தான் சொன்ன வார்த்தையையும் சேர்த்துச் சொன்னார். அதைச் சொல்லத் தேவையில்லைதான். ஆனால் அதைச் சொல்லாமல் அவரால் மூச்சு விட ஏலாமல் இருந்தது.

"நான்தான் துரத்தினனான், தம்பி. வாசலை மிதிக்காதை எண்டனான். இப்ப எந்த வாசலில நிக்கிறானோ."

கனகரத்தினம் முத்திரையை எடுத்து இரண்டு தரம் அழுத்திக் குத்தினார்.

"ரெண்டு பேர் வேணும் எண்டிருக்கு. ஒரு ஆள் நான். லீவு போட்டுட்டு வாறன். மற்ற ஆளைப் பாருங்கோ."

மற்ற ஆளைப் பார்க்கத் தேவை வரவில்லை. மூலைக்குத் திரும்பி வந்தபோது லாபிர் வானுக்கு டீசல் அடித்துக்கொண்டு வந்து நின்றான். ஸல்ஹா சொல்லியிருக்கிறாள்.

"நான் வாறேன் ஐயா. கையெழுத்தும் நான்தான், வானும் நான்தான். நாலு மணிக்கு வெளிக்கிட்டாத்தான் இருட்ட முந்தி ஹபரணையத் தாண்டலாம். ஊட்ட போய் உடுப்ப எடுத்துட்டு வாங்க."

ஒரு காலத்தில் தன் தகப்பனுடைய வழக்கு ஒன்றில் திகதி கேட்டு வந்த லாபிரை, "வரிசையில வாரும்" என்று சோமசேகரம் திருப்பி அனுப்பியிருக்கிறார். அது அவருக்கு ஞாபகம் வந்தது. லாபிருக்கு ஞாபகம் இருந்ததோ தெரியாது. இருந்தாலும் அவன் காட்டவில்லை.

வீட்டில் சூரைமீன் குழம்பும் முருங்கையிலை வறையும். சோமசேகரம் மூன்று பிடிக்கு மேல் சாப்பிடவில்லை.

"என்ன, உப்புக் கூடிப்போச்சோ?"

"இல்லை. பென்சன் விசயமா இண்டைக்குக் கொழும்புக்குப் போகவேணும், பூரணி. லாபிரின்ர வான் போகுது."

"திடீரெண்டோ?"

"ஓம், திடீரெண்டுதான். கந்தோர் ஆக்கள் நாள் பார்த்தே கூப்பிடுறவை?"

அவர் இரண்டு சேட்டை மடித்துப் பையில் வைத்தார். மருந்தை வைத்தார். கண்ணாடிக் கூட்டை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். பூரணி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பென்சன் கந்தோருக்குப் போகிறவர் கால்சட்டை போடாமல், கட்டியிருக்கிற வேட்டியோடு வெளிக்கிடமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கேட்கவில்லை. அவளுக்கும் மறைப்பதற்கு ஒன்று இருந்தது. மறைப்பு உள்ளவர்கள் மற்றவர்களைத் தோண்டிக் கேட்கமாட்டார்கள்.

மூன்றரை மணிக்குச் சோமசேகரம் மாட்டிக்கொண்டார். பிறப்புப் பத்திரம் வேண்டும். அது அலுமாரிக்குள் இருக்கிறது. அலுமாரித் திறப்பு பூரணியின் இடுப்பில் இருக்கிறது.

"பூரணி, சேந்தன்ர பிறப்புப் பத்திரம் எங்க?"

சொல்லிவிட்டார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவருடைய வாயிலிருந்து வந்து வீட்டுக்குள் விழுந்தது.

பூரணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்? பிள்ளைக்கு என்ன?"

"பதறாதையும். இப்பிடி இரும். பெடியனை..." அவர் கதிரையை இழுத்துப் போட்டார். "எம்.சி.யில எடுத்திருக்கிறாங்களாம். காலமை கோல் வந்தது."

பூரணியின் முகத்தைப் பார்த்துச் சோமசேகரம் பயந்துபோனார். அவள் அழவில்லை. விழவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"எடுத்திட்டினமோ! என்ர காளியாச்சி! எடுத்திட்டினமோ!"

ஓடிப்போய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தினாள். விழுந்து கும்பிட்டாள். எழும்பி வந்து, "காலமை வந்த செய்தியை இப்பவோ சொல்லுறியள்?" என்று அவரை ஏசினாள்.

அதிர்ச்சியில் மூளை கலங்கிவிட்டது என்றே அவர் முடிவுகட்டினார். "பூரணி, பூரணி, இஞ்ச பாரும். விளங்கிக்கொள்ளும். பதினாலு நாள்!"

"ஓம், பதினாலு நாள் பழக்கிப் பார்த்திட்டுத்தான் நிரந்தரமாக்குவினமாம்!"

"ஆரை நிரந்தரமாக்கிறது? விளக்கமறியலிலயோ?"

"என்ன விளக்கமறியல்?"

"எம்.சி. எண்டால் என்னண்டு நினைச்சீர்?"

"மஜெஸ்ரிக் சிற்றிக் கடைத்தொகுதி! நீங்கள் என்னண்டு நினைச்சியள்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கற்பூரம் எரிந்து முடிந்தது.

பிறகு சோமசேகரம் மெல்லக் கேட்டார். "உமக்கு எப்பிடித் தெரியும்?"

இனி மறைக்க ஏலாது. பூரணி தையல் மெசினின் லாச்சியைத் திறந்தாள். அந்த வீட்டில் சோமசேகரம் ஒருநாளும் கை வைக்காத ஒரே இடம் அது. ஊசிப் பெட்டிக்கும் நூல் கட்டைக்கும் கீழே கடிதங்கள் கிடந்தன. எல்லாம் லாபிரின் கடை முகவரிக்கு வந்தவை. ஒன்றரை மணித்தியாலக் கோயிலின் இரகசியம் இதுதான். அவள் ஏழு கடிதங்களை எடுத்து நீட்டினாள். எட்டாவது ஒன்று, நீலக் கடித உறை, கையோடு வந்தது. அதை மட்டும் உள்ளே தள்ளி முழங்காலால் லாச்சியைச் சாத்தினாள். உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும்.

சோமசேகரம் கண்ணாடியைப் போட்டு மேலே கிடந்த கடிதத்தை வாசித்தார்.

'அம்மா, இண்டைக்குத் திரும்பவும் எம்.சி.க்குப் போனனான். மஜெஸ்ரிக் சிற்றி எண்டு முழுப்பேர் சொன்னால் இங்க சிரிப்பினம். மாடி மாடியாக் கடையள். படி தானாக மேல போகுது. முதல் நாள் அதில கால் வைக்கப் பயந்து பக்கத்துப் படியால ஏறினனான், ஒருதருக்கும் சொல்லாதேங்கோ. சின்னப் பிள்ளையளின்ர உடுப்பும் விளையாட்டுச் சாமானும் விக்கிற ஒரு கொம்பனி ஆள் எடுக்கினம். கண்டி, குருநாகல், மாத்தறை எண்டு எல்லா ஊர்க் கடைத்தொகுதியிலயும் கிளை திறக்கப் போகினமாம். மூண்டு பாசையும் தெரிஞ்ச ஆக்கள்தான் வேணுமாம். எடுத்தால் பதினாலு நாள் பழக்குவினம், தங்க இடமும் தருவினம்.

வாசலில பையைத் திறந்து பார்க்கிறாங்கள் அம்மா. அதோட சரி. உள்ளுக்குப் போனால் ஒருதரும் அடையாள அட்டை கேக்கிறதில்லை. சனத்தோட சனமா நடக்கலாம். கொழும்பில நான் நெஞ்சு இடிக்காமல் நடக்கிற இடம் அது ஒண்டுதான். அதாலதான் வேலை அங்கதான் வேணும் எண்டு நிக்கிறன். அப்பாவுக்கு இது விளங்காது.'

கடைசி வரியை அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"விளங்குது," என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைத்தார். "எனக்கு விளங்குது, பூரணி. அவன் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எங்க சொல்லவிட்டனியள்?"

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு வேறு ஒன்று கேட்டார். "எல்லா ஊரும் போட்டிருக்கிறான். திருகோணமலை இல்லையோ?"

"இஞ்ச கடைத்தொகுதி எங்க இருக்கு? சந்தையும் செக் பொயின்றும்தான் இருக்கு."

நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. முழுவதும் இறங்கவில்லை. நீதிமன்றத்தில் இருந்தவர் இலகுவில் விடுவாரா? கடிதம் எழுதி மூன்று கிழமை. வெள்ளவத்தையில் செக்கிங் நடந்தது முந்தநாள். கடையில் எடுத்திருக்கவும் கூடும், பிடித்திருக்கவும் கூடும். இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது.

"வாருங்கோ," என்றாள் பூரணி. "நான் ஸல்ஹாவிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கவேணும்."

மூலையில் லாபிரின் வான் வெளிக்கிட ஆயத்தமாக நின்றது. கனகரத்தினம் கையில் பையோடு, காலில் சப்பாத்தோடு வந்து நின்றார். பூரணி ஒருவரையும் பார்க்காமல் நேரே கடைக்குள் போனாள்.

"பிள்ளை, வடிவா யோசிச்சுச் சொல்லும். அவன் என்னண்டு சொன்னவன்? 'எடுத்திட்டாங்கள்' எண்டு சொன்னவனோ, 'எடுத்திட்டினம்' எண்டு சொன்னவனோ?"

ஸல்ஹா கண்ணை மூடி யோசித்தாள்.

"எடுத்திட்டினம்... ஓம் அக்கா, 'இனம்' எண்டுதான் சொன்னாரு. நான் எங்கட கதையில எழுதிட்டேன். ஏன், எல்லாம் ஒண்டுதானே?"

"ஒண்டில்லை, ராசாத்தி, ஒண்டில்லை!" பூரணி அவளுடைய கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு கணவரின் பக்கம் திரும்பினாள். "கேட்டியளோ? பிடிச்சுக்கொண்டு போறவங்களை எந்தப் பெடியனாவது 'இனம்' போட்டுக் கதைப்பானோ? 'போறாங்கள், வாறாங்கள், பிடிச்சாங்கள்' எண்டுதான் வரும். மரியாதையா 'எடுத்திட்டினம்' எண்டு சொல்லுறானெண்டால் அது வேலை குடுத்த ஆக்கள்!"

கனகரத்தினம் பையைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "சோமண்ணை, நீங்கள் முப்பத்துமூண்டு வருசம் கோட்டில இருந்தனியள். விசாரணை செய்யத் தெரிஞ்ச ஆள் குசினிக்குள்ள இருந்திருக்கிறா."

அந்த நேரம் தொலைபேசி அடித்தது.

ஸல்ஹா எடுத்தாள். "ஓம்... ஓம், நிக்கிறாங்க. எல்லாரும் நிக்கிறாங்க." பூரணியின் கை நீண்டது. ஸல்ஹா ஒரு கணம் யோசித்துவிட்டு, றிசீவரைச் சோமசேகரத்தின் கையில் வைத்தாள்.

"தம்பி," என்றார் அவர்.

தகப்பன் கதைப்பார் என்று சேந்தன் எதிர்பார்க்கவில்லை.

"அப்பா?"

"எங்க ராசா நிக்கிறாய்?"

"கடையில அப்பா. கோவிக்காதேங்கோ. நான் கடையிலதான் நிக்கிறன்."

"கடையிலயோ?"

"ஓம், கடையிலதான். சின்னப் பிள்ளையளின்ர உடுப்புக் கடை."

"நில் ராசா, நில்," என்றார் சோமசேகரம். கண்ணீர் மூக்கோரமாக வழிந்து வாய்க்குள் போனது. துடைக்கவும் தோன்றவில்லை. "வடிவா நில். கடையிலயே நில். வெளியில திரியாதை. உள்ளுக்கு நில்."

வானுக்குப் பக்கத்தில் நின்ற லாபிர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தான். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்பா, தீபாவளிக்கு ரெண்டு நாள் லீவு தருவினம். நான்... வரலாமோ?"

"வாசல் துறந்துதான் கிடக்கு. நான் சொன்னதெல்லாம் ஒரு கதையே? வா. கொம்மா முறுக்குச் சுடுவா."

அவருக்குத் திடீரென்று உற்சாகம் வந்துவிட்டது. காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் போன வேகத்தில் பழைய சோமசேகரம் திரும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து கிராம சேவையாளரின் கடிதத்தை எடுத்து விரித்தார்.

"உன்ர ஜி.எஸ். சேட்டிபிக்கட் ஆயத்தம். நடத்தை மிக நன்று எண்டு போட்டிருக்கு. என்ன தேவைக்கு எண்ட இடம்தான் வெறுமை." அவர் கனகரத்தினத்தைப் பார்த்தார். கனகரத்தினம் பேனையை எடுத்து, கடை மேசையில் கடிதத்தை வைத்து, 'தொழில்' என்று எழுதினார். சோமசேகரம் தொடர்ந்தார்: "இப்ப அதுவும் நிரம்பிட்டுது. பிணைக்காரர் ரெண்டு பேரும்கூட ஆயத்தமா நிக்கினம்!"

"என்ன பிணைக்காரர், அப்பா?"

"நீதானே ரெண்டு பேர் எண்டு சொன்னனி."

மறுபக்கத்தில் அவன் சிரித்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சோமசேகரமும் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

"பிணைக்காரர் இல்லை அப்பா. சேட்டிபிக்கட் ரெண்டு பேருக்கும் வேணும் எண்டுதான் சொன்னனான். எங்கள் ரெண்டு பேரையும்தானே எடுத்தவை."

"எந்த ரெண்டு பேர்?"

"என்ர நீங்கள் எடுத்திட்டியள். மற்றது அவவின்ரது, மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சான் ஜி.எஸ்ஸிட்ட எடுக்கவேணும். ஆர், என்ன எண்டு அம்மாவுக்குத் தெரியும். நான் எழுதினனான். அம்மாவைக் கேளுங்கோ, அவ—"

இரைச்சல் வந்தது. லைன் கட்டாயிற்று.

சோமசேகரம் றிசீவரை வைத்துவிட்டு மெல்லத் திரும்பினார். நீதிமன்றத்தில் சாட்சியைப் பார்க்கிற பார்வை.

"பூரணி, அந்த லாச்சிக்குள்ள இன்னும் ஒரு கடிதம் கிடக்கோ?"

பூரணி சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை ஒற்றிக்கொண்டாள். பிறகு வானுக்குப் பக்கத்தில் நின்றவனிடம் கேட்டாள்:

"லாபிர் தம்பி, காலமை மூதூருக்குக் கடலால போற முதல் லாஞ்சு எத்தினை மணிக்கு?"